எண்ணெய் படாத தலை

சலூனில் போய் உட்காரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "இன்னா பெரியவரே, தலைக்கு எண்ணயே வெக்கிறதில்லியா?" பதில் சொல்ல ஆரம்பித்தால் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். பின்னால் காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அதனால் "பழக்கமில்லப்பா" என்று அங்கே முடித்துக்கொள்வேன். இங்கே எனக்குப் பின்னால் யாரும் வரிசையில் நிற்கவில்லை. முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் காற்றைத் தண்ணீராக்கியவன். பீற்றிக்கொள்கிறான் கிழவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பீற்றிக்கொள்ளத்தான் போகிறேன்.

முப்பதுகளின் நடுவில், ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போகும் சாலையோரம் ஓர் ஆக்சிஜன் கம்பெனி வந்தது. துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கிற பட்டறைகளுக்கும், ரயில் பட்டறைக்கும், இரும்பை வெட்டவும் ஒட்டவும் ஆக்சிஜன் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறுகிறவர்களுக்கும் வேண்டும். அதுவரை கடல் கடந்து சிலிண்டரில் வந்து இறங்கிய சரக்கு அது. இனி நம் ஊர்க் காற்றிலிருந்தே எடுக்கலாம் என்று ஒரு கொட்டகையும் சில மிஷின்களும் ஓர் உயரமான செம்புக் கோபுரமும் வந்து நின்றன. அக்கம்பக்கத்தில் யாரும் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. 'காத்துத் தண்ணிக் கம்பெனி' என்றால் ரிக்‌ஷாக்காரர் நேராகக் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

வேலை என்னவென்றால், வெளியே சும்மா கிடக்கிற காற்றை உள்ளே இழுத்து அழுத்துவோம். அழுத்தினால் சூடேறும். அந்தச் சூட்டைத் தண்ணீர்க் குழாய்களால் ஆற்றுவோம். ஆறியதும் இன்னும் அழுத்துவோம். கடைசியில் ஒரு சின்ன வால்வைத் துளி திறந்து, அதன் வழியாக விடுவோம். இறுக்கிப் பிடித்த காற்று அந்த இடுக்கைத் தாண்டியதும் விரியும். விரிந்ததும் சில்லென்று ஆகிவிடும். அந்தச் சில்லிப்பைக் கொண்டே பின்னால் வருகிற காற்றைக் குளிர வைப்போம். அது இன்னும் குளிர்ந்து வந்து இன்னும் சில்லிடும். இப்படியே விடாமல் ஓட்டினால் ஒரு கட்டத்தில் காற்று பொறுக்க முடியாமல் சொட்டுச் சொட்டாகத் திரவமாகிக் கோபுரத்தின் அடியில் தேங்கும். அதில் நைட்ரஜன் முதலில் ஆவியாகி மேலே ஓடிவிடும். ஆக்சிஜன் அடியில் நிற்கும். இளநீலமாக இருக்கும். காசிமேட்டுக் கடல்கூட அவ்வளவு தெளிந்த நீலமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அதற்கு முன்னால் காற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். காற்றில் ஈரம் இருக்கிறது, கரியமில வாயு இருக்கிறது. இரண்டையும் எடுக்காமல் உள்ளே விட்டால், காற்று திரவமாவதற்கு முன்பே இரண்டும் கல்லாக உறைந்து குழாயை அடைத்துவிடும். அதனால் காஸ்டிக் சோடாக் கரைசலில் அலசி, ஈரம் உறிஞ்சும் உப்புகள் நிரப்பிய கலங்களில் உலர்த்தித்தான் காற்றை அனுப்புவோம். இப்போது குழாயில் வருகிற எரிவாயுவையே இப்படித் திரவமாக்கி வெளிநாட்டில் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்களாம். பேப்பரில் படித்தேன். முதலில் ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கிவிடுவார்கள் என்று பெரிய கண்டுபிடிப்புப் போல எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களைக் கேட்டிருந்தால் ராயபுரத்திலேயே சொல்லியிருப்போம்.

அந்தச் சின்ன வால்வு இருந்ததே, அதுதான் என் இடம். அதிகம் திறந்தால் அழுத்தம் போய்விடும், குறைத்தால் குளிர் வராது. சீறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கைச்சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். முதல்முதலாக அந்த நீலத் திரவம் வந்த அன்று அதைக் கொண்டுவந்தது என் கை. வெள்ளைக்கார இன்ஜினியர் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

தொப்பி வைத்த அந்தத் தலைதான் பிரச்சினை.

ஆக்சிஜனுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. சுத்தமான ஆக்சிஜன் அழுத்தத்தோடு வருகிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் போதும், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொண்டு வெடிக்கும். சிலிண்டர் அடைக்கிற மிஷினுக்குக்கூட எங்கள் கம்பெனியில் எண்ணெய் போடமாட்டோம், சோப்புத் தண்ணீர்தான். இதெல்லாம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் எண்ணெய் என்றால் மிஷின் எண்ணெய் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். தலையில் இருப்பதை எண்ணெய் என்று யார் நினைத்தார்கள்? அது தலை, அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை ஃபிட்டர் ஒருவர் எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு, பளபளவென்று வேலைக்கு வந்தார். படிந்த முடியை உள்ளங்கையால் ஒருமுறை தடவிக்கொண்டார். அதே கையால் ஒரு பித்தளை இணைப்பைத் திருகி மாட்டி வால்வைத் திறந்தார். பட்டாசுக் கட்டு வெடித்தது போல ஒரு சத்தம். கும்பிடுகிற தெய்வம் காப்பாற்றியது. புருவமும் மீசையும் போனதோடு ஆள் பிழைத்தார். கருகி உருகின அந்தப் பித்தளைத் துண்டைக் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார் இன்ஜினியர்.

அன்றிலிருந்து புதுச் சட்டம். கம்பெனியில் யாரும் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. கேட்டில் வாட்ச்மேன் ஒவ்வொரு தலையாக மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். வியாசர்பாடிக்காரர், நல்ல உயரம், அதைவிட நல்ல மூக்கு. இந்த உத்தியோகம் வந்ததும், மூக்கு மழுங்கிவிடும் என்று மூக்குப்பொடியையே விட்டுவிட்டார். "குனி நைனா" என்பார். குனிவோம். சர்ரென்று இழுத்துவிட்டு "போ" என்பார். வீட்டில் வறுவலுக்கு எண்ணெய் காய்ந்த வாசனை சட்டையில் இருந்தால்கூட, "கொயம்பா, வறுவலா?" என்று கேட்டுச் சட்டையை மாற்ற வைத்துவிடுவார்.

இன்றைக்கு எண்ணெய் வைக்காமல் திரிவது நாகரிகம். அன்றைக்கு அப்படியில்லை. தலை காய்ந்து பறந்தால் ஒன்று சோற்றுக்கு வழியில்லாதவன், இல்லையென்றால் வீட்டில் சாவு விழுந்தவன். என் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "நா உசுரோடதான கீறேன், எதுக்குடா இந்தக் கோலம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். அவளுக்குக் கம்பெனியின் சட்டத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள், காற்றைத் தண்ணீராக்குவதே சுலபமான வேலையாகத் தோன்றிவிட்டது.

இந்த நிலைமையில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் யார் வீட்டுப் பெண்? ராயபுரத்திலேயே பெரிய எண்ணெய் மண்டிக்காரர் வீட்டுப் பெண்.

என் அப்பா இளம் வயதில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மதராசுக்கு வந்து துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். மண்டிக்காரரும் அதே பக்கத்திலிருந்து வந்தவர், எங்கள் சனம். அம்மா மட்டும் ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். தெற்கத்திப் பேச்சு அவளுக்குப் பாதிதான் பிடிபடும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் அவள் அன்று சம்பந்தம் பேச உட்கார்ந்தாள்.

நாங்கள் பெண் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து மண்டிக்காரர் என் தலையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அவர் தலையோ நல்லெண்ணெயில் ஊறி, விளக்கில்லாமலே மின்னிக்கொண்டிருந்தது. நாசூக்காக அம்மாவின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"வீட்டுல ஏதும் துட்டி உண்டுமா?"

தெற்கே துட்டி என்றால் சாவு, இழவு. அம்மாவுக்குக் காதில் விழுந்தது துட்டு.

"துட்டுக்கு இன்னாங்க கொறச்சல்? மாசம் தவறாம வந்துகினேதான் கீது" என்றாள் அம்மா பெருமையாக.

மண்டிக்காரர் கையிலிருந்த காபி டம்ளர் பாதியில் நின்றது. "மாசம் தவறாமலா?"

"ஆமாங்க. இவனுக்கு ஒண்ணு, இவங்க அப்பாக்கு ஒண்ணு. தீபாவளி வந்தா சேத்து வரும்."

அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் வாய் நிறைய வெற்றிலை. சிரிப்பதா, துப்புவதா, விளக்குவதா என்று திணறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அழுகிறார் என்று நினைத்த மண்டிக்காரர் எழுந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அப்போது கதவுக்குப் பின்னால் பொத்துக்கொண்டு ஒரு சிரிப்பு வந்தது. வீட்டில் தெற்கத்திப் பேச்சும் தெருவில் மதராஸ் பேச்சுமாக வளர்ந்த பெண்ணுக்கு இரண்டு பக்கமும் புரிந்திருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவள் சிரிப்பைத்தான் கேட்டேன். அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்பா ஒருவழியாகத் துப்பிவிட்டு வந்து விளக்கினார். எல்லாரும் சிரித்தார்கள், மண்டிக்காரர் மட்டும் பாதிதான் சிரித்தார்.

"துட்டி இல்லேன்னா பின்னே தலை ஏன் இப்பிடிக் காஞ்சு கெடக்கு?"

கம்பெனியின் சட்டத்தைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எண்ணெ வித்துப் பொழைக்கேன். எம் மருமகன் காஞ்ச தலையோட பஜார்ல நடந்தா, சொந்த மருமகனே தேய்க்க மாட்டேங்காரு, இவன்கிட்ட எவன் எண்ணெ வாங்குவான்னு கேக்க மாட்டாங்களா? அந்த வேலைய விட்டுருங்க. மண்டியில வந்து உக்காருங்க."

"வேலய உட முடியாதுங்க" என்றேன்.

"அப்பிடி என்ன வேலை அது?"

"காத்தத் தண்ணியாக்குற வேல."

இப்போது முழுசாகச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அந்த வயதில் என் கோபம் பாலைப் போல, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொங்கிவிடும். "வந்து பாத்துட்டு அப்பால சிரிங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பா என் தொடையைக் கிள்ளினார்.

மண்டிக்காரர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாரேன். வந்து பாக்கேன். அதுல ஒண்ணுமில்லேன்னா, ஒண்ணு வேலைய விடணும், இல்லேன்னா வேற எடம் பாத்துக்கிடணும்" என்று எழுந்தார். எனக்கு அந்தப் பெண்ணும் வேண்டும், அந்த வால்வும் வேண்டும். இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் எதை விடுவது?

இன்ஜினியரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, வரச் சொல் என்றார். கேட்டில் மோந்து பார்க்கிற சட்டம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றும் சொல்லிவைத்தார்.

சொன்ன நாளில் மண்டிக்காரர் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். சலவை வேட்டி, குடை. வாட்ச்மேன் எழுந்தார். "குனிங்க நைனா."

"எதுக்கு?"

"மோந்து பாக்கணும்."

குனிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வாட்ச்மேன் இரண்டடி பின்னால் போய்விட்டார். "யப்பா. நைனா, நீ உள்ள வந்தா கம்பெனியே பூடும். போயி குளிச்சிட்டு வா."

ராயபுரம் பஜாரில் அவர் நடந்துபோனால் எழுந்து நிற்கிறவர்கள் உண்டு. அவரை ஒரு வாட்ச்மேன் குளித்துவிட்டு வரச் சொல்கிறார். முகம் சிவந்து அதே ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார். நான் உள்ளே வால்வுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். யாரோ வந்து சொன்னார்கள். முடிந்தது கல்யாணம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் வியாபாரி. பார்க்காத சரக்கை வேண்டாமென்று சொல்லவும் அவருக்கு மனசு வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தலையெல்லாம் பறந்துகொண்டிருந்தது. அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்தால் அவர் மனைவிக்கே அடையாளம் தெரிந்திருக்காது. வாட்ச்மேன் தலையை மோந்தார். சரி என்றார். பிறகு பக்கவாட்டில் போய் மறுபடி மோந்தார்.

"காதுல இன்னா நைனா, நல்லெண்ணயா?"

எண்ணெய் முழுக்குக்கு முன்னால் காதுக்குள் இரண்டு சொட்டு விடுவது அவருடைய வழக்கம். அது முந்தின நாள் முழுக்கின் மிச்சம். வாட்ச்மேன் சோப்பையும் துண்டையும் எடுத்துக் கொடுத்தார். குழாயடியில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, எண்ணெய் மண்டிக்காரர் தன் காதைச் சோப்புப் போட்டுக் கழுவினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரித்தால் பெண் போய்விடும்.

உள்ளே கூட்டிப் போனேன். சோப்புத் தண்ணீரில் ஓடுகிற மிஷினைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இதுக்குமா எண்ணெ இல்ல?" என்று தன் சொந்தக்காரர் யாரோ பட்டினி கிடப்பதுபோலக் கேட்டார். கரைசல் கலங்களைக் காட்டி, ஈரத்தையும் கரியமில வாயுவையும் இங்கேயே எடுத்துவிடுவோம், இல்லையென்றால் உள்ளே உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும் என்றேன். அவர் தலையாட்டினார்.

"மார்கழியில தேங்காண்ணெ போத்தல் வாயில அடைச்சுக்கிடுமே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதாங்க. தேங்காண்ணெக்கு மார்கழிக் குளிர் போதும். காத்துக்கு ரொம்பக் குளிர் வேணும். அவ்ளோதான் வித்தியாசம்."

"அப்ப மண்டிய எடுத்துட்டுத்தான் சரக்க இறக்குதிய" என்றார். அடியில் தங்கும் கசடுக்கு எண்ணெய்க்காரர்கள் வைத்திருக்கிற பெயர் மண்டி. அதற்குப் பிறகு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவராகவே ஒவ்வொரு கலத்துக்கும் முன்னால் நின்று, இதில் எந்தக் கசடு போகிறது, அதில் எது போகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். வால்வு கிட்டே போனதும், என் கை அதைத் திருப்புவதையும் சத்தம் மாறுவதையும் தலையைச் சாய்த்துக் கேட்டார். கழுவின காதல்லவா, நன்றாகவே கேட்டிருக்கும்.

இன்ஜினியர் அனுமதித்திருந்தார். கோபுரத்தின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் இறக்கிக் காட்டினேன். குடுவையைச் சுற்றி வெள்ளைப் புகை வழிந்து தரையில் ஓடியது. புகை விலகியதும் நீலம் தெரிந்தது. மண்டிக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்கவே அது கொதித்து அளவு குறைந்துகொண்டு வந்தது.

"வெளிய சும்மா அடிக்குத காத்தா இது?"

"அதேதாங்க."

"நீங்களா இறக்குனிய?"

"நாந்தாங்க."

வெளியே வரும்போது சுவரில் மாட்டியிருந்த பித்தளைத் துண்டைக் காட்டினேன். தலையைத் தடவிய கை பட்டதால் வந்த வினை என்று சொன்னேன். அவர் அந்தத் துண்டைப் பார்த்தார், பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். பரம்பரையாக எண்ணெயில் ஊறின கை. கேட்டைத் தாண்டும்போது, "ஆவணியில நாள் பாத்துருவோம்" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டு ஒரு வார்த்தை சேர்த்தார்.

"வேலைய விட வேண்டாம். ஆனா தலை தீவாளிக்கு எண்ணெ தேய்ச்சு முழுகித்தான் ஆவணும். அது எம் பொண்ணு தாலிக் காரியம். அதுல பேச்சே கிடையாது."

அன்றைக்குக் கிடைத்ததே போதும் என்று என் வாயை மூடிக்கொண்டேன். தீபாவளி தூரத்தில் இருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. லீவில் இருந்ததால் நலங்குக்கு எண்ணெய் வைத்தார்கள். வேலைக்குத் திரும்புமுன் சீயக்காயால் என் மண்டைத்தோலே உரிந்தது. என் மனைவி வந்த மறுநாளே தனக்கு ஒரு தலையணை, எனக்கு ஒரு தலையணை என்று தனித்தனியாக உறை தைத்து, என்னுடையதில் சிவப்பு நூலால் ஓர் அடையாளமும் போட்டாள். அவள் தலை எண்ணெய் என் தலையணையில் ஒட்டிவிடக் கூடாதாம். வாட்ச்மேனுக்கு அடுத்தபடி என் தலையை மோந்து பார்த்து அனுப்பியது அவள்தான். காய்ந்த தலைக்காரனை எப்படி ஒப்புக்கொண்டாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"பொறந்ததுலேந்து எண்ண நாத்தம். எண்ண வாட இல்லாத வூட்டுக்குப் போனாப் போதும்னு இருந்திச்சு, அதான்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "எங்க நைனாவ எதுத்துப் பேசின மொத ஆளு நீங்கதான்" என்றும் சொன்னாள்.

இதற்கிடையில் மாமனார் மாறிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது. துறைமுகத்துக்குச் சரக்கு எடுக்கப் போன இடத்தில், ஒரு கப்பலின் இரும்புத் தகட்டை ஒருவர் நெருப்பால் துணியைப் போல வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் எங்கள் கம்பெனி சிலிண்டர். எண்ணெய் பீப்பாய்களை அப்படியே விட்டுவிட்டு வேலை முடிகிற வரை அங்கேயே நின்றிருக்கிறார். போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "அது எம் மருமகன் இறக்குன காத்து" என்றாராம். கூட இருந்த கணக்குப்பிள்ளைதான் சொன்னார். நான் நம்பவில்லை.

தீபாவளி வந்தது. எனக்குப் போதாத காலம், அந்த வாரம் கோபுரத்தை நிறுத்திச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி ஓட்டியிருந்தோம். முந்தின நாள்தான் குளிர் பிடித்து நீலம் இறங்க ஆரம்பித்திருந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் எங்கள் சிலிண்டருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வால்வை விட்டுவிட்டால் பிடித்த குளிர் போய் எல்லாம் முதலிலிருந்து. தீபாவளியன்று காலை ஷிப்ட் என்னுடையது. எண்ணெய் தேய்த்தால் கேட்டைத் தாண்ட முடியாது. தேய்க்காவிட்டால் மாமனார் வீட்டைத் தாண்ட முடியாது. முந்தின நாள் மாமனார் வீட்டுக்குப் போகும்போதே என் மனைவி, "எதுவானாலும் சண்ட மட்டும் போடாதீங்க" என்றாள். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

விடிந்தும் விடியாமலும் கூடத்தில் கோலம் போட்டு மணைப்பலகை வைத்து என்னை உட்கார வைத்தார்கள். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். மாமியார், மிளகு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் கொண்டு வந்தார். மண்டியிலேயே உயர்ந்த சரக்கு. வாசனை கூடத்தை நிறைத்தது. மாமனாரின் அக்கா, "நல்லா வழிய வழிய வையி. புள்ள தாலிக்கு நல்லது" என்றார். மாமியார் எண்ணெயைத் தொட்டு விரலைத் தூக்கினார். என் மனைவி சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"நில்லு" என்றது மாமனாரின் குரல்.

அவர் வந்து கிண்ணத்தை வாங்கினார். நேராக வந்து, எனக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கில் அவ்வளவு எண்ணெயையும் ஊற்றினார்.

"எண்ணெ விளக்குக்கு. எம் மருமகன் இன்னைக்கு வேலைக்குப் போறாரு, அவர் தலையில வைக்கக் கூடாது. சீயக்காய எடு."

"ஏலே, தாலிக் காரியம்லே" என்றார் அக்கா.

"தாலிக் காரியம்தான்க்கா. எண்ணெய வச்சுக்கிட்டு இவர் அந்த வால்வத் தொட்டாத்தான் தாலிக்கு ஆபத்து."

மாமியார் சீயக்காயைக் குழைத்து வந்து, எண்ணெய்க்குப் பதில் அதை என் உச்சியில் வைத்துத் தேய்த்தார். கண் எரிந்தது. எரிந்தது சீயக்காயாலா என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன்னும் உட்கார்ந்ததில்லை, பின்னும் உட்கார்ந்ததில்லை.

புதுச் சட்டை போட்டு வாசலுக்கு வந்தால், மாமனார் எனக்கு முன்பே புறப்பட்டு நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு பெரிய பனையோலைக் கூடை. உள்ளே சில்லுக்கருப்பட்டி, பொரிகடலை, வாழைப்பழம். முறுக்கும் அதிரசமும் எண்ணெய்ப் பலகாரம், உள்ளே விடமாட்டார்கள் என்று அவராகவே யோசித்து, தெற்கேயிருந்து கருப்பட்டியை வரவழைத்திருக்கிறார். தீபாவளியன்று வேலை செய்கிறவர்களுக்குத் தின்ன ஏதாவது வேண்டாமா என்றார். அப்போதுதான் அவர் தலையைப் பார்த்தேன். காய்ந்து பறந்துகொண்டிருந்தது.

தெருவில் இறங்கினோம். எதிர்க்கடைக்காரர், அவரும் தெற்கத்திக்காரர், எண்ணெய் வழிகிற தலையோடு வாசலில் நின்றவர், திகைத்துப்போய்க் கேட்டார். "என்ன அண்ணாச்சி, நல்ல நாளும் அதுவுமா தலை காஞ்சு கெடக்கு? வீட்டுல ஏதும் துட்டியா?"

"துட்டியெல்லாம் இல்லவே" என்றார் மாமனார், தெருவுக்கே கேட்கும்படி. "மருமகன் கம்பெனிக்குப் போறோம். காத்த இறக்குத எடம். அங்க கண்ட தலையோட நுழைய முடியாது."

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் அவரைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "நல்ல நாளு, பரவால்ல நைனா, போங்க" என்று வழி விட்டார்.

மாமனார் நகரவில்லை. கூடையைக் கீழே வைத்தார். "மோந்து பாரும்வே" என்று தலையைக் குனிந்து நின்றார். பிறகு இரண்டு காதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார்.